ஷெட்டே கை தூக்கிய காலை

பொங்கல் முடிந்த வாரம் என் மகளுக்கு வளைகாப்புப் போட்டோம். கோவில்பட்டியில், பஸ் போகிற ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம். ஏழு வகைச் சோறு, இரண்டு தாம்பாளம் நிறையக் கண்ணாடி வளையல், சம்பந்தி வீட்டார் கொண்டுவந்த கடம்பூர் போளி என்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. போட்டோகிராபர்தான் என் உயிரை வாங்கிவிட்டார்.

அவருக்கு யாரும் சும்மா நிற்கக் கூடாது. கன்னத்தில் கை வைக்கச் சொன்னார். இரண்டு விரலைக் குறுக்கே வைத்து இதயம் காட்டச் சொன்னார். கட்டைவிரலை நீட்டச் சொன்னார். எங்கள் காலத்தில் கட்டைவிரலை நீட்டி ஆட்டினால் ‘உனக்கு ஒன்றும் கிடையாது, போ’ என்று அர்த்தம். இப்போது அது சபாஷ் ஆகிவிட்டது. ஆகட்டும், நமக்கென்ன. கடைசியில் பெண்களையெல்லாம் மகளைச் சுற்றி நிற்க வைத்து, "எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்குங்க! வளையல் குலுங்கட்டும்!" என்று கத்தினார். அத்தனை கைகளும் ஜல்லென்று மேலே போயின. என் கை போகவில்லை. முந்தானைக்குள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் அவர் எடுத்த வீடியோ மகளின் போனுக்கு வந்தது. வளைகாப்பு முடிந்து அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். கட்டிலில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கன பாரும்மா. எல்லாரும் கையத் தூக்கிருக்காவ. நீ மட்டும் உம்முனு நிக்க. எனக்குப் பிள்ள வாரது ஒனக்குப் பிடிக்கலியா?"

"வாய மூடுட்டி" என்று சீறினேன். ஏழு மாதக்காரியிடம் அப்படிச் சீறியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கு முதலில் வருவது கோபம்தான், புத்தி அதற்குப் பின்னால்தான் நடந்து வரும். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தப்பவும் இப்படித்தான் நின்ன. பரிசம் போட்டப்பவும் இப்படித்தான் நின்ன. மத்தவிய அம்மால்லாம் சந்தோசப்படுதாவ. ஒனக்கு என்னம்மா வந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். என் கை உயர்ந்தால் உள்ளே இருக்கும் உயிருக்கு ஆகாது என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது? படித்தவர்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஒன்பது வருஷமாக நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். யாருடைய நல்ல காரியத்துக்கும் கையைத் தூக்கவில்லை. ஏனென்றால் கடைசியாக நான் கை தூக்கியது என் சேக்காளிக்காக, கூட வேலை பார்த்த தோழிக்காக. அவள் பிள்ளை தங்கவில்லை.

அப்போது நான் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். ஸ்பின்னிங் ஷெட்டுக்குள் ஒருதரம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வாய்க்கு வேலை கிடையாது. மெஷின் ஓடுகிற இரைச்சலில் காதருகே கத்தினாலும் கேட்காது. கதிர் கதிராக நூல் சுற்றிக்கொண்டிருக்கும், அறுந்த இழையை ஓடி ஓடி ஒட்ட வேண்டும். பேச்சு முழுக்கக் கையால்தான். மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு விரலை வளைத்துக் கண்ணில் வைத்தால் கண்ணாடி போட்ட சூப்பர்வைசர் வருகிறார். கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் காட்டினால் யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்தில் இதெல்லாம் தானாகப் பழகிவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் புருஷனிடம் கையால் பேசிவிட்டு, "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

நல்ல செய்தி வந்தால் அதற்கென்று தனியாக ஒன்று உண்டு. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்து, அப்படியே தலைக்கு மேலே கொண்டுபோய் விரல்களை விரித்துவிடுவோம். அட்சதை போடுகிற மாதிரி. ‘அட்சதை’ என்றே அதைச் சொல்வோம். ஏப்ரன் பையில் எப்போதும் கழிவுப் பஞ்சு கொஞ்சம் கிடக்கும், சந்தோஷம் மிஞ்சிப்போனவள் அதையும் அள்ளி மேலே வீசிவிடுவாள். அது பறந்துபோய் நூலில் ஒட்டி இழை அறும். மேஸ்திரி வந்து குதிப்பார். அவர் குதிப்பதும் எங்களுக்குக் கேட்காது, அது ஒரு வசதி.

கைதட்டல் எனக்கு என்றைக்குமே அவ்வளவாகப் பிடிக்காது. அது மேடையில் இருப்பவருக்குக் கீழே இருப்பவர் செய்வது. ஹாக்கி மைதானத்தில் கோல் விழுந்ததும் பையன்கள் உள்ளங்கையோடு உள்ளங்கை அடித்துக்கொள்வது நன்றாக இருக்கும், ஆனால் அது ஜெயித்தவர்களுக்குள் மட்டும். பிள்ளையின் முகத்தை வழித்து நெற்றிப்பொட்டில் விரலை மடக்கி நெட்டி முறிப்பதில் பாதி ஆசை, பாதி பயம். எங்கள் அட்சதையில் பயம் கிடையாது. வீட்டுக் கூரை ஒழுகுகிறவளும், புருஷனிடம் அடி வாங்கிவிட்டு வந்தவளும், இன்னொருத்தியின் நல்லதுக்காக ஒரு நிமிஷம் கையைத் தூக்குவாள். அந்த மில்லில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை.

என் சேக்காளி பக்கத்து மெஷின் பார்த்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். கடம்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் ஊரிலிருந்து மில் பஸ்ஸில் வருவாள். அவள் ஏறும்போது எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருக்கும், அதில் வேறு எவள் உட்கார்ந்தாலும் நான் முறைப்பேன். தூக்குச்சட்டியில் அவள் கொண்டுவரும் கம்மஞ்சோறு எனக்கு, என் எலுமிச்சைச் சோறு அவளுக்கு. கல்யாணமாகி எட்டு வருஷம் அவளுக்குப் பிள்ளை இல்லை. யார் வீட்டு வளைகாப்புக்கும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் பின்னால் நிற்க வைப்பார்கள். ஷெட்டில் யாருக்காவது அட்சதை போட்டால் எல்லோரையும்விட உயரமாகக் கை தூக்குகிறவள் அவள்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சாமி மேல்தான் கோபம் வரும்.

ஒரு நாள் காலை ஷிப்ட். ஏறி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. இரண்டு மெஷினுக்கு நடுவில் உள்ள சந்தில் அவள் என்னைப் பார்த்து நின்றாள். வயிற்றில் கை வைத்தாள். எனக்குப் புரியவில்லை, வயிற்றுவலியா என்று சைகை காட்டினேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் கையை அங்கேயே வைத்து, இந்தத் தடவை எடுக்காமல் வைத்திருந்தாள். கண் நிறைந்துவிட்டது. உடனே வாயில் விரலை வைத்தாள். மூன்று விரலைக் காட்டினாள். மூன்று மாதம் முடிகிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான்.

நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டிய அந்தச் சூட்டோடு என் இரண்டு கையும் மேலே போய்விட்டன. நினைத்துச் செய்யவில்லை. பையிலிருந்த பஞ்சு பூராவையும் அள்ளி வீசியிருக்கிறேன், பாவி. எதிர் வரிசையில் இருந்தவள் என்ன என்று கேட்டாள். நான் சேக்காளியைச் சுட்டிக் காட்டி என் வயிற்றைத் தொட்டேன். அவ்வளவுதான். மெஷின் மெஷினாகச் செய்தி ஓடியது. ஒவ்வொரு சந்திலிருந்தும் கைகள் எழும்பின. எட்டு வருஷம் காத்திருந்தவள் என்று எல்லோருக்கும் தெரியுமே! ஷெட் பூராவும் பஞ்சு பறந்தது. டாய்லெட்டுக்குப் போய்விட்டு வந்தவள்கூட வாசலிலேயே நின்று கை தூக்கினாள். என் சேக்காளி முதலில் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள். தலையெல்லாம் பஞ்சோடு நின்று, அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்கு எத்தனை இழை அறுந்தது என்று மேஸ்திரியைத்தான் கேட்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு திங்கள்கிழமை அவள் பஸ் ஏறவில்லை. அவள் ஊர்க்காரி ஒருத்தி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கலைஞ்சு போச்சுக்கா. ஆசுபத்திரியில இருக்கா" என்றாள்.

பின் சீட்டில் இருந்த வயசாளி ஒருத்தி, என் காதில் விழ வேண்டுமென்றே சொன்னாள்: "மூணு மாசம் முடியாம இப்படி ஊரக்கூட்டிக் கைய ஆட்டுனா நிக்குமா? அத்தன கண்ணும் பட்டா எதுதான் நிக்கும்?"

அவளை ஒரு வாங்கு வாங்கியிருப்பேன், வேறு நாளாக இருந்திருந்தால். அன்றைக்கு அவள் சொன்னது சரி என்று பட்டது. சொல்லாதே என்று சொன்னவளின் முகத்துக்கு நேரே நின்று சொல்லியிருக்கிறேன். எட்டு வருஷத் தவத்தை நான் இந்த இரண்டு கையால் கலைத்துப்போட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது? மாமியார்க்காரி வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவளே என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஒரு மாதம் ஓடியது. அதற்குள் அவளே வேலைக்குத் திரும்பிவிட்டாள். பழைய ஷெட்டுக்கு வரவில்லை, கோன் சுற்றும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எனக்குப் பட்டது. பஸ்ஸில் நான் முன் சீட்டுக்குப் போய்விட்டேன். அவள் ஏறும்போது ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பேன், வெளியே பார்க்க அங்கே என்ன இருக்கிறது, வேலிக்கருவைதான். அவளும் பேசவில்லை. ஆறு மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டாள். எனக்கும் முழங்கால் போய், நான்கு வருஷத்துக்கு முன் மில்லை விட்டேன். இப்போது கடலை மிட்டாய்க்குப் பாக்கெட் போடுகிறேன்.

மகள் அழுத மறுநாள், விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பிள்ளை பிறப்பதற்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அப்போதுதான் என் மகளுக்காகக் கை தூக்க முடியும் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அதுவும் என் காரியத்துக்காகத்தான் போயிருக்கிறேன்.

வீட்டில் யாருமில்லை. புஞ்சைக் காட்டில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஊரைத் தாண்டி வண்டிப்பாதையில் நடந்தேன். கரிசல் இன்னும் ஈரம் காயாமல் செருப்பில் அப்பிக்கொண்டு வந்தது. தூரத்திலேயே அவளைத் தெரிந்துவிட்டது. குனிந்து, காய் முற்றி நெத்தாகிவிட்ட உளுந்துச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள், முன் தலை நரைத்திருந்தது. காட்டு ஓரத்தில் நாலைந்து ஆடுகள் கட்டிக்கிடந்தன.

நிமிர்ந்து பார்த்தாள். "வாக்கா" என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் குனிந்துவிட்டாள். "வெயில் ஏறுனா நெத்து வெடிச்சிரும். பிடுங்கிக்கிட்டே பேசுதேன், தப்பா நெனச்சுக்கிடாத."

நானும் அடுத்த வரிசையில் குனிந்தேன். முழங்கால் ‘வேண்டாம்’ என்றது. பனியில் செடி நனைந்திருந்தது. மகளுக்கு ஏழு மாதம் என்று சொன்னேன். "நல்லாருக்கட்டும்" என்றாள். புருஷன் எங்கே என்று கேட்டேன். "அவிய திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்காவ. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவாவ" என்றாள். அப்புறம் பிடுங்குகிற சத்தம் மட்டும்தான். பாதி வரிசை போனதும் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏட்டி, என்ன மன்னிச்சிருட்டி. நீ சொல்லாதன்னு சொன்ன. நான்தான் கையத் தூக்கி ஊரக் கூட்டிட்டேன். என்னாலதான் ஒம் பிள்ள..."

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாத முகம். "எதச் சொல்லுத? ஷெட்டுல அட்சத போட்டதையா?"

நான் தலையாட்டினேன்.

"அட கூறுகெட்டவளே!" என்றாள். என்னை அவள் அப்படிப் பேசியதே இல்லை. "அதையா சொமந்துக்கிட்டுத் திரியுத? கையத் தூக்குனா பிள்ள கலையுமா? டாக்டரம்மா படம் எடுத்துப் பாத்துட்டுச் சொன்னாவ. அதுக்குத் துடிப்பு எப்பமோ நின்னு போச்சாம். நீங்க கையத் தூக்குன அன்னைக்கு அது உள்ள செத்துதான் கெடந்துருக்கு. எனக்கும் தெரியல, ஒங்களுக்கும் தெரியல."

நான் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். உயிரில்லாத ஒன்றுக்கா அத்தனை பேரும் கை தூக்கினோம்? ஐயோ என்று வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை. கையிலிருந்த செடியைக் குவியலில் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அதுக்கு அழாதக்கா. எனக்கு இருக்கது அது ஒண்ணுதான். வளையல் போடல, தொட்டில் கட்டல, பேரு விடல. ஒரு நாளு காலையில, ஒரு ஷெட்டே என்னப் பாத்துக் கையத் தூக்குச்சு. அந்தக் கொஞ்ச நேரம் நானும் பிள்ளத்தாச்சிதான். அத நெனைக்காத நாளு இல்ல. அதக் குடுத்தது நீதான். ஒம்மேல அதுக்கா கோவப்படுவேன்?"

"பெறகு ஏன்ட்டி ஷெட்ட மாத்துன? ஏன் எங்கூடப் பேசல?"

அவள் ஆடு கட்டியிருந்த பக்கம் பார்த்தாள்.

"அப்ப நீ பஸ்ஸுல வந்து எறங்குனதா பெட்டிக்கடைக்காரரு சொன்னாரு. ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வச்சிருந்தியாம். நான் ஆசுபத்திரியில இருந்து வந்து நாலு நாளு இருக்கும். ‘ஒஞ் சேக்காளி வந்துருக்கா’ன்னு சொல்லிவிட்டாரு. நான் எந்திரிச்சு மொகங் கழுவி, சேலைய மாத்திக்கிட்டு ஒக்காந்துருந்தேன். எங்க அத்தைகூட காப்பித்தண்ணி போட்டா. நீ திரும்பிப் போற பஸ்ஸுல ஏறிட்டியாமே?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் போய்ப் பார்க்கவில்லை என்று சொல்லித்தான் கடந்து வந்தேன். போனேன். அந்த ஊர் நிறுத்தத்தில் இறங்கி, பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் தெருவைப் பார்த்தபடி கால்மணி நேரம் நின்றேன். அதே பஸ் திரும்பி வந்தது, ஏறிவிட்டேன். ஆரஞ்சுப் பழத்தை என் மகள் தின்றாள்.

"கண்ணு பட்டுச்சு, காத்துப் பட்டுச்சுன்னு ஊருல நூறு சொன்னாவ. அதெல்லாம் நான் காதுல வாங்கல" என்றாள் அவள். "நல்லதுன்னதும் மொதக் கையத் தூக்குனவ, கெட்டதுக்கு எங்க ஊரு வர வந்துட்டுத் திரும்பிட்டாளேன்னுதான். அன்னைக்கு எனக்கு யாரு இருந்தா? எங்க வீட்டுக்காரவியளும் வெளியூருல. நீ வந்து சும்மா பக்கத்துல ஒக்காந்துருந்தாப் போதும்க்கா."

ஒன்பது வருஷமாக என் கையைத்தான் நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில் அதை முந்தானைக்குள் கட்டிப்போட்டுப் பெரிய தண்டனை அனுபவிப்பதாக நினைத்துக்கொண்டேன். பெற்ற மகளை அழவிட்டேன். அவளோ சேலை மாற்றி உட்கார்ந்திருந்த அந்த ஒரு மத்தியானத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் வரிசை முடிகிற வரை நானும் கூடவே பிடுங்கினேன். வெயில் ஏறி, நெத்துகள் டப் டப்பென்று வெடிக்க ஆரம்பித்தன. "பத்தரைக்கு ஒரு பஸ் இருக்கு, அத விட்டா மத்தியானந்தான்" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, மகளுக்கென்று ஒரு மடி உளுந்து நெத்தைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

"இனிமே அடிக்கடி வாரேன்ட்டி" என்றேன்.

அவள் அடுத்த வரிசைக்குக் குனிந்துவிட்டாள். "அன்னைக்கு வந்திருக்கணும்க்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.